வெறுங்குழாயின் கதை

அமெரிக்காவின் வெர்மாண்ட் மாநிலத்தில் ஜெரிகோ என்றொரு சிற்றூர். பனி கொட்டும் நாளில் அங்கே ஒரு விவசாயி கறுப்புப் பலகை ஒன்றை ஏந்திக்கொண்டு வெளியே நிற்பார். நாலு துகள் விழுந்ததும் கணப்பில்லாத பின்கட்டு அறைக்குள் ஓடுவார். மெல்லிய ஈர்க்கால் பார்க்க லட்சணமான துகளாகத் தொட்டெடுத்துக் கண்ணாடிச் சில்லில் வைத்து, பறவை இறகால் பட்டும் படாமலும் அழுத்திப் படியவைப்பார். இவ்வளவையும் மூச்சை அடக்கிக்கொண்டு செய்தாக வேண்டும். மூச்சுக்காற்று பட்டால் ஒரு சொட்டுத் தண்ணீர்தான் மிஞ்சும்.

அவர் பெயர் வில்சன் பென்ட்லி. 1865இல் பிறந்தவர். பதினைந்து வயதில் அம்மா கொடுத்த பழைய மைக்ராஸ்கோப்பில் பனித்துகளைப் பார்த்துச் சொக்கிப்போனார். பார்த்ததை வரைய முயன்றார். பென்சில் பாதி வழி போவதற்குள் துகள் உருகிவிட்டது. மைக்ராஸ்கோப்போடு கேமராவைச் சேர்த்துவிட்டால் என்ன என்ற யோசனை அப்படித்தான் வந்தது. அம்மா எடுத்துச் சொல்ல, அப்பா 100 டாலர் செலவழித்தார். விவசாயக் குடும்பத்துக்கு அன்று அது பெரிய பணம். 1885 ஜனவரி 15ஆம் தேதி முதல் படம் தேறியது. அப்போது பென்ட்லிக்கு வயது 19.

கடையில் வாங்கியது அத்தோடு சரி. மற்றதெல்லாம் கைவேலை. மைக்ராஸ்கோப்புக்குப் பின்னால் துருத்தி வைத்த கேமரா நீண்டு கிடக்கும். பின்பக்கம் நின்று பிம்பத்தைப் பார்த்தால் முன்பக்கத்து ஃபோகஸ் திருகு கைக்கு எட்டாது. கயிறும் சக்கரமும் கட்டி, நின்ற இடத்திலிருந்தே திருகும்படி செய்துகொண்டார். படத்தில் வெளிறிய பின்னணியில் வெளிறிய துகள் எடுபடவில்லை. அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தார்: நெகட்டிவின் நகலை எடுத்து, துகளின் விளிம்பை ஒட்டியே கத்தியால் ரசாயனப் பூச்சைச் சுரண்டினார். சுரண்டிய இடம் அச்சில் கறுப்பாக விழுந்தது. இன்று நாம் பார்க்கும் பென்ட்லி படங்களின் நள்ளிரவுக் கறுப்பு முழுக்கக் கத்திவேலை. இப்படி 5,000க்கும் மேற்பட்ட படங்கள், ஏறக்குறைய அதே கருவியை வைத்துக்கொண்டு, 46 ஆண்டுகள்.

அதே 1865இல் ஜெர்மனியின் ஹார்ட்ஸ் மலைப்பகுதியில் இன்னொருவர் பிறந்தார். கார்ல் பிளாஸ்ஃபெல்ட். இரும்பு வார்ப்புத் தொழில் பழகியவர். பிறகு பெர்லின் கலைப்பள்ளியில் ஆசிரியர். செடிகளைப் பார்த்து உருவங்கள் வடிக்க மாணவர்களுக்குக் கற்றுத்தருவது அவர் வேலை. செடி வாடிவிடும், பூசணியின் சுருள்கொடி வகுப்பின் கடைசி வரிசைக்குத் தெரியாது. ஆகவே படமெடுத்துப் பெரிதாக்கிக் காட்ட நினைத்தார். தானே மரத்தில் கேமரா செய்துகொண்டார். பின்னால் ஓர் அட்டை, பக்கவாட்டில் ஜன்னல் வெளிச்சம், நிமிடக்கணக்கில் எக்ஸ்போஷர். செலவென்று பார்த்தால் கண்ணாடித் தகடுகளுக்குத்தான். செடிகளுக்குக் காசில்லை, வழியோரத்திலும் தண்டவாளத்தின் ஓரத்திலும் முளைத்தவை போதும். அவர் எடுத்த பெரணியின் இளங்குருத்து, சுருண்ட தலையோடு ஒரு மடாதிபதியின் செங்கோல் போல நிற்கிறது.

முப்பது ஆண்டுகள் இவை வகுப்பறைச் சாதனங்களாகவே கிடந்தன. 1928இல் ‘உர்ஃபார்மென் டெர் குன்ஸ்ட்’ என்ற பெயரில் நூலாக வந்தபோது பிளாஸ்ஃபெல்டுக்கு 63 வயது. விமர்சகர் வால்டர் பெஞ்சமின் மதிப்புரை எழுதினார். ஓய்வை நெருங்கிய வாத்தியார் ஒரே வருடத்தில் நவீனக் கலைஞர் ஆகிவிட்டார். பென்ட்லியின் ‘ஸ்நோ கிரிஸ்டல்ஸ்’ வந்தது 1931இல். அந்த டிசம்பரிலேயே நிமோனியாவில் அவர் இறந்துபோனார். மறு டிசம்பரில் பிளாஸ்ஃபெல்டும் போய்விட்டார். ஒருவர் பெயரை மற்றவர் கேள்விப்பட்டிருப்பாரா என்பதே சந்தேகம்.

இருவர் கேமராவிலும் முக்கியமான பாகம் எதுவென்று கேட்டால் விடை விசித்திரமாக இருக்கும். லென்ஸுக்கும் தகட்டுக்கும் நடுவில் இருந்த வெற்றிடம். மடிப்பு மடிப்பான அந்தத் துருத்தி, கொல்லன் பட்டறையில் காற்றை ஊதும். கேமராவில் காற்றைச் சும்மா அடைத்து வைத்திருக்கும். அவ்வளவுதான் அதன் வேலை.

கணக்கு எளிது. 50 மி.மீ. லென்ஸ் ஒன்று, தொலைவில் இருக்கும் மலையின் பிம்பத்தைத் தனக்குப் பின்னால் 5 செ.மீ. தூரத்தில் விழவைக்கும். பொருள் நெருங்க நெருங்க பிம்பம் பின்னால் நகரும். லென்ஸுக்கு முன்னால் 10 செ.மீ. தூரத்தில் ஓர் எறும்பு வந்து நின்றால், பிம்பம் பின்னால் 10 செ.மீ. தள்ளித்தான் கூடும். அப்போது எறும்பு என்ன நீளமோ அதே நீளம் ஃபிலிமிலும் இருக்கும். சாதாரணக் கேமராவில் லென்ஸ் அவ்வளவு தூரம் முன்னால் வராது. குறைவது வெறும் 5 செ.மீ. அந்த 5 செ.மீட்டருக்கு ஒரு குழாயைச் செருகினால் வேலை முடிந்தது. கடைகளில் எக்ஸ்டென்ஷன் ட்யூப் என்று விற்கும் பொருளுக்குள் கண்ணாடி கிடையாது, ஒன்றும் கிடையாது. நல்ல காசு கொடுத்துக் காற்று வாங்குகிறோம். கைவேலைக்காரர்கள் இதை ரொம்ப சீக்கிரமே கண்டுகொண்டார்கள்.

காற்றுக்கும் ஒரு விலை உண்டு. வெளிச்சம் பரவிப்போகும், அசல் அளவுக்குப் படமெடுக்கும்போது ஃபிலிமுக்கு வந்து சேர்வது நாலில் ஒரு பங்குதான். தெளிவாக விழும் ஆழமும் சுருங்கிவிடும். லென்ஸின் துளையை எஃப் 8இல் வைத்தால் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர், ஓர் அரிசியின் தடிமன்கூட இல்லை. எறும்பின் கண் தெளிந்தால் கொம்பு கலங்கும்.

குழாய்க்கு முந்திய குறுக்குவழி, முன்னால் இன்னொரு கண்ணாடியை வைப்பது. அதன் பூர்வீகம் ஜவுளிக்கடை. பதினேழாம் நூற்றாண்டில் டெல்ஃப்ட் நகரத் துணி வியாபாரி ஆண்டனி வான் லேவன்ஹூக்குக்கு நூலின் தரம் பார்க்கும் பூதக்கண்ணாடி தொழில்முறையில் பழக்கம். பிறகு சின்னஞ்சிறு கண்ணாடி மணிகளை லென்ஸாக்கி, பித்தளைத் தகடுகளுக்கு நடுவே பொருத்தி, 500 மைக்ராஸ்கோப்புகளாவது தானே செய்திருப்பார். தண்ணீரில் நெளியும் நுண்ணுயிர்களை 1676இல் லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதிச் சொன்னவர் அவர்தான். லென்ஸ் செய்யும் ரகசியத்தை மட்டும் கடைசிவரை யாருக்கும் சொல்லவில்லை. நூல் எண்ணும் அந்தக் கண்ணாடியின் வம்சம் இன்னும் அற்றுப்போகவில்லை. திருப்பூரில் துணி பார்ப்பவர்கள் மடித்துப் பையில் வைத்திருக்கும் ‘பிக் கிளாஸ்’ அதுதான். அதைச் செல்ஃபோன் கேமராவின் மேல் வைத்துப் பார்த்தால் வேட்டியின் பாவும் ஊடும் கயிறு கயிறாகத் தெரியும்.

கேமராவின் முன்னால் திருகும் க்ளோஸ்-அப் லென்ஸும் மூக்குக்கண்ணாடியும் சொந்தக்காரர்கள். இரண்டையும் அளக்கும் கோல் ஒன்றே. கண்ணாடிக் கடையில் ‘பவர்’ என்கிறார்களே, அது. பிளஸ் 2 என்றால் அரை மீட்டர், பிளஸ் 4 என்றால் கால் மீட்டர் தூரத்தில் ஃபோகஸ் கூடும். ஃபோகஸே இல்லாத தன் பெட்டிக் கேமராக்களுக்காக ஈஸ்ட்மன் கோடக் ‘போர்ட்ரெய்ட் அட்டாச்மென்ட்’ என்றொரு சின்ன வில்லையை விற்றது. பெயர் என்னவோ கம்பீரம். உள்ளே இருந்தது வாசிப்புக் கண்ணாடியின் தங்கை.

இந்த ரகப் படங்களுக்குப் பெயரே வெகுநாள் கிடையாது. பத்து மடங்குக்குக் குறைவாகப் பெரிதாக்கும் படங்களை மைக்ராஸ்கோப் படங்களிலிருந்து பிரித்துச் சொல்ல, ‘ஃபோட்டோ-மேக்ரோகிராஃப்’ என்ற சொல்லை டபிள்யூ. எச். வால்ம்ஸ்லி முன்வைத்தது 1899இல்.

பெயர் வந்து பத்துப் பதினோரு ஆண்டுகளில் ஓர் ஈ புகழ்பெற்றது. லண்டனில் கல்வித் துறை அலுவலகத்தில் எழுத்தராக இருந்த பெர்சி ஸ்மித், நீல ஈயின் நாக்கைப் படமெடுத்தவர். அந்தப் படம் சினிமா தயாரிப்பாளர் சார்லஸ் அர்பனின் கண்ணில் பட்டது. பிறகு வந்த ‘தி அக்ரோபாட்டிக் ஃப்ளை’ (1910) படத்தில் ஈ மல்லாந்து கிடந்தபடி தக்கையையும் குட்டி உருண்டையையும் காலால் சுழற்றுகிறது. ஈயை வதைத்துவிட்டார் என்று குரல் எழ, பட்டு இழையால் கட்டியிருந்தேன், முடிந்ததும் பறந்துவிட்டது என்று ஸ்மித் விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. பின்னாளில் சவுத்கேட் பகுதியில் அவருடைய வீடே பட்டறை ஆயிற்று. மொட்டு விரிவதை நாள்கணக்கில் தானாகப் படமெடுக்கும் யந்திரங்களைக் கதவுக் கீல், கிராமஃபோன் ஊசி, மெக்கானோ விளையாட்டுச் சாமான், மெழுகுவத்தித் திரி என்று அகப்பட்டதையெல்லாம் வைத்துக் கட்டினார். நள்ளிரவில் யந்திரம் மக்கர் பண்ணினால் எழுப்பிவிட மணி ஒன்றும் உண்டு. பக்கத்து வீட்டார் என்ன சொன்னார்களோ!

பெரிய துருத்திக் கேமராவில் ஒரு சௌகரியம் இருந்தது: பின்னால் கண்ணாடியில் விழும் பிம்பத்தையே பார்த்து ஃபோகஸ் செய்யலாம். 35 மி.மீ. ஃபிலிமோடு லைக்கா 1925இல் சந்தைக்கு வந்ததும் அது போயிற்று. கண் பார்ப்பது ஒரு ஜன்னல் வழியே, ஃபிலிம் பார்ப்பது லென்ஸ் வழியே. மலையை எடுக்கும்போது வித்தியாசம் தெரியாது. தும்பியை எடுத்தால் தலை போய்விடும். லைக்காவுக்குக் கால்கள் முளைத்ததும் இதனால்தான். நான்கு கம்பிக்கால்கள் கொண்ட சட்டத்தை மாட்டி, அந்தக் கால்களுக்கு நடுவே எது இருக்கிறதோ அதுதான் படம் என்று ஆக்கினார்கள். தபால்தலைக்கு இது சரி. வெட்டுக்கிளி நாலு கம்பிகளுக்கு நடுவே வந்து உட்காருமா?

விடுதலை டிரெஸ்டனிலிருந்து வந்தது. அங்கே ஈஹாகே நிறுவனம் 1936இல் வெளியிட்ட கினே எக்ஸாக்டாவில், லென்ஸ் பார்ப்பதையே கண்ணாடி ஒன்று கண்ணுக்குத் திருப்பிக் காட்டியது. எவ்வளவு நீளக் குழாய் போட்டாலும் பிம்பம் கண்ணில் தெரியும். குழாய்க்காரர்களுக்கு இதற்குமேல் என்ன வேண்டும்? போருக்குப் பின் 42 மி.மீ. திருகு வாய் பல நாட்டுக் கேமராக்களுக்குப் பொதுவாக, ஒரு கம்பெனியின் குழாய் இன்னொரு கம்பெனியின் லென்ஸோடு சேர்ந்தது. வெளிச்சக் குறைவைக் காகிதத்தில் கணக்குப் போடும் வேலையை, லென்ஸ் வழியே வரும் ஒளியையே அளக்கும் டாப்கான் கேமரா 1963இல் ஒழித்துக்கட்டியது.

இந்தச் சமயத்தில்தான் தனியாக மேக்ரோ லென்ஸ் என்ற சாதி பிறந்தது. 1955இல் ஹைன்ஸ் கில்ஃபிட்டின் மேக்ரோ-கிலார், குழாயும் துருத்தியும் இல்லாமலே தொலைவிலிருந்து மிக நெருக்கம் வரை ஒரே சுற்றில் ஃபோகஸ் ஆனது. மறு வருடம் நிக்கானின் மைக்ரோ-நிக்கார். இதன் பிறப்புக்குப் பூச்சியும் காரணமில்லை, பூவும் காரணமில்லை. நூலகத் தாள்களை மைக்ரோஃபிலிம் ஆக்கும்போது ஆங்கிலத்துக்குப் போதுமாக இருந்த லென்ஸ், ஜப்பானிய கான்ஜி எழுத்துக்குப் போதவில்லை. ஓர் எழுத்திலேயே இருபது கோடு இருக்கும். கோடுகள் ஒட்டிக்கொண்டால் சொல்லே மாறிவிடும். அந்தக் கோடுகளைப் பிரிக்கச் செய்த லென்ஸைத்தான் பிறகு உலகம் தேனீயின் மீசையைப் பார்க்கத் திருப்பியது. ஆக, விலை உயர்ந்த சரக்கும் வேறு வேலைக்குச் செய்யப்பட்டதே. கைவேலைக்காரர்கள் இந்த விஷயத்தில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

ஒட்டுவேலைக் கேமரா என்றதும் தமிழர்களுக்கு மா. கிருஷ்ணன் நினைவு வராமல் இருக்காது. எழுத்தாளர் அ. மாதவையாவின் மகன், காட்டைப் பற்றித் தமிழிலும் ஆங்கிலத்திலும் அலுக்காமல் எழுதியவர். ஒரு கம்பெனியின் உடல், இன்னொரு கம்பெனியின் லென்ஸ், மற்றது சொந்தச் சேர்க்கை என்று அவர் கட்டிய கருவிக்கு அவரே ‘சூப்பர் பாண்டரோசா’ என்று பெயர் வைத்திருந்தார். அது யானையைத் தூரத்திலிருந்து எடுக்க. எறும்பைக் கிட்டத்தில் எடுக்க அல்ல. ஆனாலும் புத்தி ஒன்றேதான்.

குழாய்க்கும் மலிவான வித்தை லென்ஸைத் திருப்பி மாட்டுவது. லென்ஸின் முன்புறம் தூரத்து உலகுக்கென்றும், பின்புறம் கைநீளம்கூட இல்லாத ஃபிலிமுக்கென்றும் செய்யப்பட்டிருக்கிறது. பொருள் பக்கத்தில், பிம்பம் தள்ளி என்று ஆகும்போது லென்ஸையும் தலைகீழாக்குவதுதானே முறை? ஒரு பக்கம் ஃபில்டர் மரை, மறுபக்கம் கேமரா மவுண்ட் என இருக்கும் ஒற்றை வளையம் போதும். அதுவும் இல்லாதவர்கள் கேமராவின் பிளாஸ்டிக் மூடியில் ஓட்டை போட்டுப் பழைய ஃபில்டர் வளையத்தை ஒட்டிக்கொண்டார்கள். 200 மி.மீ. லென்ஸின் மூக்கில் 50 மி.மீ. லென்ஸைத் திருப்பி ஒட்டினால் நாலு மடங்கு. வகுத்துப் பார்த்தாலே விடை வந்துவிடும். நிக்கான் லென்ஸானால் பூச்சி, மவுண்டிலிருந்து நாலரை செ.மீட்டருக்குச் சற்றுக் கூடுதலான தூரத்தில் இருக்க வேண்டும். ஃபிலிம் இருந்த இடத்துக்குப் பூச்சி வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

துளையைச் சுருக்கும் அபெர்ச்சர் வளையம் இல்லாத புது லென்ஸ்கள் வந்தபோது இந்த மலிவு வித்தைகள் செத்துவிடும் என்று தோன்றியது. கேமராவோடு மின்தொடர்பு அறுந்தால் லென்ஸ் முழுக்கத் திறந்தே நிற்கும். கேனன்காரர்கள் ஒரு சூட்சுமம் கண்டுபிடித்தார்கள்: லென்ஸை ஒழுங்காக மாட்டி, எஃப் 11 வைத்து, டெப்த் பிரிவ்யூ பொத்தானை அழுத்திப் பிடித்தபடியே கழற்றுவது. அபெர்ச்சரின் இதழ்கள் மூடிய நிலையிலேயே உறைந்துவிடும். பிறகு குழாயிலோ தலைகீழாகவோ மாட்டிக்கொள்ளலாம். அந்தக் கேனனே 1999இல் எம்பி-ஈ 65 என்ற லென்ஸைக் கொண்டுவந்தது. அசல் அளவிலிருந்து ஐந்து மடங்கு வரை மட்டும் எடுக்கும், மலையைப் பார்க்கவே தெரியாது. அற்புதமான கருவி, யானை விலை.

மலிவுக்காரர்களை டிஜிட்டல் கேமரா உண்மையில் வாழவைத்தது. 36 படம் கொண்ட ஃபிலிம் சுருளில் முப்பது கலங்கலாக வந்தால் மனசு விட்டுப்போகும். மெமரி கார்டில் முன்னூறு கலங்கினாலும் அழித்துவிட்டு அடுத்தது. இருட்டறைகள் மூடப்பட, என்லார்ஜரில் இருந்த எல்-நிக்கார் போன்ற லென்ஸ்கள் பழைய சாமானாக வெளியே வந்தன. 39 மி.மீ. மரை, கிட்ட இருக்கும் தட்டைத் தாளுக்கென்றே தீட்டப்பட்ட கண்ணாடி. திருப்பிப் போட்டுத் துருத்தியில் மாட்டினால் கொசுவின் இறகுச் செதில் வரை இறங்கும்.

வெளிச்சத்தில்தான் வீட்டுச் சாமான்களின் ராஜ்ஜியம். சிறு ஃபிளாஷ் குறைந்த சக்தியில் வெடிக்கும்போது பத்தாயிரத்தில் ஒரு பங்கு நொடிக்கும் குறைவாகவே எரியும். கை நடுக்கம் படத்தில் ஏறாது, ஸ்டாண்டு வேண்டாம். ஆனால் மொட்டை ஃபிளாஷில் வண்டின் முதுகு எண்ணெய் தேய்த்த வழுக்கை போல மின்னும். நடுவில் வெள்ளைத் தாளோ, பால் கவரோ, தெர்மோகோல் கிண்ணமோ வந்தால் அந்தக் குட்டி உயிருக்கு அது முழு ஆகாயம். அமெரிக்காவின் ஓக்லஹோமாக்காரர் தாமஸ் ஷாஹன் எடுத்த குதிக்கும் சிலந்திகள் உலகம் சுற்றியபோது, பின்னால் இருந்தவை சாதாரணக் குழாய்கள், தலைகீழ் 50 மி.மீ. லென்ஸ், வெளிச்சத்தைப் பரப்பக் கையால் செய்த டிஃப்யூசர். சிலந்தியின் முன்கண் இரண்டும் கார் விளக்கு போலப் பெரியவை. யார் எந்த டிஃப்யூசர் வைத்தார்கள் என்பதை அதில் விழும் வெள்ளைத் திட்டின் வடிவமே காட்டிக்கொடுத்துவிடும். சொரசொரப்பாக ஒட்டிய டேப்கூடத் தெரியும்.

ஒரு மில்லிமீட்டர் ஆழத்துக்கும் மருந்து வந்தது. கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து பல படம் எடுத்து, ஒவ்வொன்றிலும் தெளிந்த பகுதியை மட்டும் பொறுக்கி ஒன்றாக்குவது. ஆலன் ஹாட்லி எழுதிய கம்பைன்-இசட் மென்பொருள் இதை இலவசமாகவே செய்துகொடுத்தது. உச்சத்தில், ஆக்ஸ்ஃபோர்டு அருங்காட்சியகத்தின் பூச்சிகளை 2016இல் காட்சிக்கு வைத்த லெவன் பிஸ், ஒரு பூச்சிக்கு எட்டாயிரம் படங்களுக்குமேல் எடுத்துத் தைத்தார். பென்ட்லியின் கத்தியை எண்ணிப் பார்க்கும்போது, இதுவும் அதே ஜாதிப் பொறுமை.

இன்னொரு பக்கம் லேவன்ஹூக் திரும்பி வந்திருக்கிறார். ஸ்டான்ஃபோர்டில் மனு பிரகாஷும் சகாக்களும் 2014இல் அறிவித்த ஃபோல்ட்ஸ்கோப், ஒரு தாளை மடித்துச் செய்யும் மைக்ராஸ்கோப். கடுகு போன்ற கண்ணாடி மணிதான் லென்ஸ், 140 மடங்கு, அடக்கவிலை ஒரு டாலருக்குள். செல்ஃபோனை அதன்மேல் ஒட்டிவைத்தால் படமும் ஆயிற்று. கெட்டுப்போன டிவிடி பிளேயருக்குள் இருக்கும் பட்டாணியளவு லென்ஸை எடுத்து ஃபோனில் ஒட்டுபவர்களும் உண்டு.

குழாய் செய்யப் பிரபலமான சாமான், உருளைக்கிழங்கு சிப்ஸ் வரும் நீள டப்பா. அடியை வெட்டிவிட்டு ஒரு முனையில் கேமரா மூடியையும் மறுமுனையில் லென்ஸையும் டேப் போட்டு ஒட்டுவார்கள். முதல்முறை செய்பவர்கள் அநேகமாக எல்லோரும் ஒரே இடத்தில் இடறுவார்கள். ஃபோகஸ் சரி, வெளிச்சம் சரி, ஆனால் படம் முழுக்கப் பால் ஊற்றியது போல வெளுத்திருக்கும். லென்ஸைத் துடைப்பார்கள், ஃபிளாஷை நகர்த்துவார்கள், ஒன்றும் ஆகாது. குற்றவாளி டப்பாவின் உட்புறம்: சிப்ஸ் நமுத்துப்போகாமல் இருக்க ஒட்டிய வெள்ளித்தாள். லென்ஸ் வழியே நுழையும் வெளிச்சம் அதில் பட்டுத் தெறித்து சென்சார் முழுக்க விழுகிறது. பழைய துருத்திகளின் உட்புறம் ஏன் அத்தனை கறுப்பு என்பது அப்போதுதான் உறைக்கும். பள்ளிப் பிள்ளைகள் வாங்கும் கறுப்பு சார்ட் பேப்பரைச் சுருட்டி உள்ளே செருகிவிட்டு மறுபடி எடுத்தால், அதே எறும்பு, அதே விளக்கு. காலில் இருக்கும் மயிரை ஒவ்வொன்றாக எண்ணலாம்.